சீட் போஸ்டில் இரண்டு கோடுகள்

"இதை யார் ஓட்டறான்னு உன்னால சொல்ல முடியுமா?"

வத்சலா மாமி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அடையாறில் நான் வேலை பார்க்கும் சைக்கிள் கடையின் ஷட்டரை அப்போதுதான் முக்கால்வாசி தூக்கியிருந்தேன். வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. டிரைவர் இறக்கிக் கொடுத்த சைக்கிளின் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்தபடி, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா நின்றிருந்தார். பழக்கமில்லாத மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

சாம்பல் நிற ஹைப்ரிட் வண்டி. பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன். மயிலாப்பூர் ஸ்ரீதரன் சாருடையது. இரண்டு மாதம் முன்புதான் நானே புது செயின் போட்டுக் கொடுத்திருந்தேன்.

"சார் வண்டியாச்சே இது? நீங்க..."

"அவர் ஆத்துக்காரி. வண்டி அவரோடதுதான். அவர்தான் ஓட்டறாரான்னு கேக்கறேன்."

லோடு ஆட்டோ போகும்வரை மாமி காத்திருந்தார். போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"தெனம் கார்த்தால அஞ்சு மணிக்குக் கெளம்பறார். எட்டு மணிக்கு வரார். முட்டுக்காடு வரைக்கும் போயிட்டு வரேங்கறார். அத்தனை தூரம் மிதிச்சா மனுஷாளுக்கு வேர்க்கணுமோன்னோ? சட்டை காஞ்சு கெடக்கு. நானும் ரெண்டு மாசமா தோய்க்கப் போடறச்சே தொட்டுத் தொட்டுப் பார்க்கறேன்."

ஸ்ரீதரன் சார் அன்று காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மாமி கால்வலி என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிட்டாராம். கால்வலி எல்லாம் ஒன்றுமில்லை. சைக்கிளை என்னிடம் கொண்டுவர அந்த ஒரு நாள்தான் கிடைத்திருக்கிறது.

"வண்டியைப் பார்த்தே நீ எல்லாம் சொல்லிடுவியாமே. அவரே சொல்லியிருக்கார்" என்றார் மாமி.

அந்தப் பாராட்டில்தான் நான் விழுந்தேன்.

வாய் ஒன்று, வண்டி ஒன்று

ஆற்றங்கரையிலிருந்து எங்கள் குடும்பத்தை லாரியில் ஏற்றிச் செம்மஞ்சேரியில் இறக்கிவிட்டதையும், அங்கிருந்து அடையாறுக்குத் தினமும் சைக்கிளில் வந்தே நான் சைக்கிள் பைத்தியம் ஆனதையும் இந்தத் தொடரின் முந்தைய வாரங்களில் எழுதிவிட்டேன். கடையில் சேர்ந்து பதினொரு வருடம் ஆகிறது. அந்தப் பதினொரு வருடத்தில் எனக்குத் தொழிலோடு சேர்ந்து வந்த இன்னொரு குணத்தைப் பற்றி இன்னும் எழுதவில்லை. யாரையும் நம்பமாட்டேன்.

கடைக்கு வருகிறவர்கள் பொய் சொல்வார்கள். முன்சக்கரம் எட்டுப் போட்டதுபோல வளைந்திருக்கும். "சும்மா நிறுத்தி வெச்சிருந்தேன், அதுவா வளைஞ்சிடுச்சு" என்பார்கள். வாரம் ஒருமுறை எண்ணெய் விடுகிறேன் என்று சொல்கிறவரின் செயின் அப்பளம்போல உடையும். ஒருவர் தன் சைக்கிளில் மழைபட்டதே இல்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தபோது, அவர் வண்டியின் ஃபிரேமைச் சாய்த்தேன். உள்ளேயிருந்து கால் டம்ளர் தண்ணீர் அவர் செருப்பில் கொட்டியது.

அவர்களும் என்னை நம்புவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். "மெக்கானிக் இல்லையாம்மா?" என்பார்கள். "நான்தான் சார்" என்பேன். "இல்லம்மா, மெக்கானிக்" என்று என் தலைக்கு மேலே கடைக்குள் தேடுவார்கள்.

ஸ்ரீதரன் சார் அப்படித் தேடாதவர். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்து, சொந்தக்காரர் சொல்லும் கதை நசுங்கிய தகரத்தோடு ஒத்துப்போகிறதா என்று எழுதிக் கொடுக்கும் வேலை. "நம்ம ரெண்டு பேர் உத்தியோகமும் ஒண்ணுதான் சாந்தி" என்று சிரிப்பார். நான் ஸ்பேனர் பிடிப்பதை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

அந்த ஆள் வீட்டில் பொய் சொல்கிறார் என்றதும் எனக்குக் கை பரபரத்தது.

முதலாளி டேவிட் அண்ணன் கல்லாவிலிருந்து கண்ணைக் காட்டி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சாந்தி, இது குடும்ப மேட்டரு. நமக்கு இன்னாத்துக்கு? காத்தடிச்சி அனுப்பு."

"சும்மா பாக்குறேண்ணா. பாக்கறதுல இன்னா கீது?"

வண்டியை ஸ்டாண்டில் மாட்டினேன்.

கனகாம்பரம்

முதலில் செயின். தேய்மானம் பார்க்கும் அளவுகோலை வைத்தேன். செயின் தேய்ந்திருந்தால் அது கண்ணிக்குள் இறங்கும். இறங்கவே இல்லை. தினமும் முட்டுக்காடு போய்வரும் வண்டியின் செயின் இரண்டு மாதத்தில் பாதியாவது தேய்ந்திருக்க வேண்டும். இது கடையிலிருந்து போனபடியே இருந்தது.

"முட்டுக்காடு போகல மாமி. திருவான்மியூர்கூடத் தாண்டியிருக்காது."

மாமி தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்தது சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கும் குழாய். ஒருவருக்குச் சரியான உயரத்தில் சீட்டை வைத்ததும் அந்தக் குழாயில் வெள்ளை பெயின்ட்டால் மெல்லிய கோடு ஒன்று போடுவது என் வழக்கம். ஸ்ரீதரன் சார் ஆறடி. என் கோடு, சீட்டை இறுக்கும் பிடிக்கு நேராக, அதன் இடத்தில் இருந்தது. ஆனால் அதற்கு நாலு விரற்கடை மேலே இன்னொரு கோடு தெரிந்தது. அது பெயின்ட் இல்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறுக்கித் தளர்த்தியதால் வந்த கீறல். தினமும் யாரோ சீட்டை இறக்குகிறார்கள். தினமும் யாரோ பழைய உயரத்துக்கு ஏற்றுகிறார்கள்.

யோசிக்காமல் சொன்னேன். "யாரோ குள்ளமா இருக்கறவங்க ஓட்டுறாங்க மாமி."

மாமி ஐந்தடிகூட இருக்கமாட்டார். ஆனால் அவருக்கு சைக்கிள் தெரியாது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வண்டியின் இடது பக்கம் பூராவும் உராய்வுகள். பெடல் ஓரம், ஹேண்டில்பார் முனை, பிரேக் லீவரின் நுனி, எல்லாவற்றிலும் சுண்ணாம்பு அப்பியிருந்தது. வலது பக்கம் புத்தம் புதிதாக இருந்தது. "எங்கயோ ஒரு சுவத்துல சாச்சு வெக்கிறாங்க. தெனம், ஒரே பக்கமா" என்றேன். மூன்று மணி நேரம் சுவரில் சாய்ந்து நிற்கும் சைக்கிள் எந்த வீட்டு வாசலில் நிற்கும் என்று மாமி கற்பனை செய்துகொள்ள இடம் கொடுத்தது நான்தான்.

கடைசியாகப் பின்சக்கரத்தின் நடுவில் ஏதோ சுற்றியிருந்தது. இடுக்கியால் இழுத்தேன். வாழைநார். பூ கட்டும் நார். கூடவே இரண்டு காய்ந்த கனகாம்பரப் பூ.

மாமி அதை உள்ளங்கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"நான் கனகாம்பரம் வெச்சுக்கறதில்லை" என்றார்.

பிறகு, அழாமல், கணக்கு டீச்சர் மாதிரி பேசினார். "நங்கநல்லூர்ல என் தங்கை இருக்கா. நெஜம்தான்னா நான் அங்க போயிடறேன். முப்பத்தெட்டு வருஷம் போறும். ஆனா நெஜம்னு தெரியணும். நீதான் கார்த்தால ஓட்டிண்டு போறவளாச்சே. ஒரு நாள் அவர் பின்னாடி போய்ப் பாரேன்."

"அய்யோ மாமி, அதெல்லாம் முடியாது."

"ஏன் முடியாது?"

ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை.

விளக்கை அணைத்த வண்டி

எனக்குக் கல்யாணமாகி நாலு வருடம் குடும்பம் நடத்தினேன். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. காலை நாலரை மணிக்கு நான் சைக்கிளை எடுத்தால் மட்டும் அவருக்குத் தூக்கம் போய்விடும்.

"இருட்டுல அப்பிடி எங்கதான் போற?"

"ஈசிஆர் ரோட்டுக்குத்தாம்பா. வேணும்னா நீயும் வா."

வரமாட்டார். நான் திரும்பி வந்ததும் போனை வாங்கிப் பார்ப்பார். எங்கள் சைக்கிள் குழுவில் யார் யார் என்று பெயர் கேட்பார். ஆண் பெயர் வந்தால் வயது கேட்பார்.

ஒரு நாள் கொட்டிவாக்கம் தாண்டும்போது என் பின்னால் ஒரு பைக் சத்தம். முந்தவும் இல்லை, நிற்கவும் இல்லை. திரும்பிப் பார்த்தால் விளக்கு இல்லை. உயிரைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். நாங்கள் வழக்கமாகக் கூடும் டீக்கடை வெளிச்சத்துக்கு வந்தபிறகுதான் அது யார் என்று தெரிந்தது.

கடையில் ஐந்து பெண்கள், இரண்டு தாத்தாக்கள். எல்லார் கையிலும் டீ கிளாஸ். என் வீட்டுக்காரர் பைக்கிலிருந்து இறங்காமலே அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. தேடி வந்தது கிடைக்காத ஏமாற்றம்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவரோடு ஒரு வருடம்கூட என்னால் இருக்க முடியவில்லை.

அதனால்தான் மாமியிடம் முடியாது என்றேன்.

ஆனால் நாலே நாளில் போனேன். அந்தக் குழாயின் இரண்டாவது கோடு எனக்குத் தூக்கத்தில் வந்தது. யார் அந்தக் குள்ளமான ஆள்? மாமிக்காகப் போனேன் என்று இதுவரை எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். இங்கே உண்மையை எழுதுகிறேன். எனக்கே தெரியவேண்டியிருந்தது.

மாட வீதியிலிருந்து பட்டினப்பாக்கம்

கொட்டிவாக்கத்தில் என் வாடகை வீட்டிலிருந்து வழக்கமாகத் தெற்கே திரும்புவேன். அன்று வடக்கே திரும்பி, அடையாறு பாலம் ஏறி, மயிலாப்பூர் வந்து, மாட வீதியை ஒட்டிய அவர்கள் தெருமுனையில் ஒரு பால் வேனின் மறைவில் நின்றேன். என் வண்டியின் விளக்கை அணைத்தேன். அணைத்த விரல் கூசியது. அப்படியும் அணைத்தேன்.

ஐந்து மணி தாண்டியதும் ஸ்ரீதரன் சார் வந்தார். தலையில் ஹெல்மெட், கையுறை, எல்லாம் இருந்தது. ஆனால் வண்டியில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டு நடந்தார். அதுவும் வண்டியைத் தனக்கு இடது பக்கமாக வைத்துத் தள்ளினார். செயின் இருக்கும் பக்கம் நடந்தால் கறை துணியில் ஒட்டும் என்று யாரும் அப்படித் தள்ளமாட்டார்கள்.

முனைக்கு வந்ததும் நின்றார். முழு உடம்பையும் இடது பக்கம் திருப்பி, நிதானமாகப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை. யாராவது பின்தொடர்கிறார்களா என்று பார்க்கிறார் என்றே நினைத்தேன். சட்டென்று வேனுக்குப் பின்னால் குனிந்தேன். முப்பது வருடம் சர்வேயராக இருந்தவர், விடுவாரா?

லஸ் பக்கம் போகவில்லை. சாந்தோம் பக்கம் நடந்தார். காம்பவுண்டுச் சுவர்களை ஒட்டியே போனார். ஒவ்வொரு முனையிலும் நின்று அதேபோலத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு, திருடிபோல ஒளிந்து ஒளிந்து போனேன். என் மனதில் அதற்குள் ஒரு வீடு தயாராகிவிட்டது. சுண்ணாம்பு அடித்த வாசல், உள்ளே தலையில் கனகாம்பரம் வைத்த ஒரு பெண்.

பட்டினப்பாக்கத்தில் கடலுக்குப் பக்கத்தில், குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு மைதானம் இருக்கிறது. சுற்றிலும் இடுப்பளவுச் சுவர். அதற்குள் போய் நின்றார். கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. சுவருக்கு வெளியே ஒரு மீன்வண்டியின் மறைவில் நின்றேன். வரட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தாள்.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, குட்டையாக, ஐம்பது வயதில் ஒரு பெண். கொண்டையில் கனகாம்பரம். அவள் நேராக அவரிடம் போனாள்.

"இன்னா பெர்சு, இன்னைக்கு லேட்டா?"

"ஆமா சரோஜா. கொஞ்சம் லேட்டாயிடுத்து."

"பார்த்து ஓட்டு. அந்தாண்ட நாய் படுத்துகினு கீது."

சொல்லிவிட்டுக் குடத்தோடு போயே போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்ரீதரன் சார் குனிந்து, சீட்டுக்குக் கீழே இருந்த பிடியைத் தளர்த்தினார். சீட்டை நாலு விரற்கடை இறக்கினார். இறுக்கினார். அதில் அவரே உட்கார்ந்தார்.

ஆறடி மனிதர், முழங்கால் இரண்டும் மார்புக்கு வர, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றிக்கொண்டு, குழந்தை நடைவண்டி ஓட்டுவதுபோலத் தள்ளித் தள்ளிப் போனார். பத்தடி போனதும் ஒரு காலைப் பெடலில் வைத்தார். உடனே எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். வண்டி மெல்ல இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து போய்ச் சுவரில் உரசியது. நின்றார். நேராக்கினார். மறுபடி தள்ளினார்.

மூன்றாவது சுற்றில் விழுந்தார்.

சுவரைத் தாண்டிக் குதித்து ஓடினேன். அவருக்கு இடது பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்றேன். நல்ல வெளிச்சம் வந்திருந்தது. அவர் நேரே பார்த்தபடி, "யாரு? யாரோ வந்தாப்ல இருந்துதே?" என்றார்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்படியே நினைச்சுக்கட்டும்

அவர் தலையை முழுவதும் திருப்பியபோதுதான் நான் அவர் கண்ணில் பட்டேன். ஒரு நொடி திகைத்தார். பிறகு, பிடிபட்டவர்களிடம் அவரே பலமுறை பார்த்திருக்கக்கூடிய ஒரு சிரிப்புச் சிரித்தார்.

முழங்கை சிராய்ப்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார். இரண்டு மாதம் முன்பு ஒரு காலை, மாட வீதியில் வரும்போது ஒரு பூக்காரம்மாவின் கூடையில் வண்டியை ஏற்றிவிட்டார். பூவெல்லாம் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அவள் ஒன்றும் திடீரென்று குறுக்கே வரவில்லை. இடது ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அந்தப் பூக்காரம்மாதான் சரோஜா.

"அவ திட்டினா பாரு, 'யோவ், கண்ணு தெர்ல?'ன்னு. அப்பதான் எனக்குத் தோணித்து, தெரியலையேன்னு. கூடைல வலது பாதிதான் தெரியறது. இடது பாதி இல்லவே இல்லை."

தனியாக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கண்ணில் கோளாறு இல்லை. மூளைக்குள் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்ததில், இரண்டு கண்ணுக்குமே இடது பக்கக் காட்சி போய்விட்டது. கொஞ்சம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்திருக்கிறார். எந்த வண்டியும் ஓட்டக்கூடாது என்றிருக்கிறார். மாத்திரை பி.பி.க்கு என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார். மறுநாள் பூக்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவள்தான், "ரோட்டுல ஓட்டாத பெர்சு. எங்க வூட்டாண்ட கிரவுண்டு கீது, அங்க வந்து ஓட்டு" என்றாளாம்.

"மாமிகிட்ட ஏன் சார் சொல்லல?"

"முப்பத்தெட்டு வருஷமா நான் பார்த்துச் சொன்னாத்தான் எதுவும் சரின்னு நெனைக்கறவ அவ. அவகிட்டப் போய், எனக்குப் பாதி தெரியலைன்னு எப்படிச் சொல்றது?"

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. மாமி கடைக்கு வந்ததைச் சொன்னேன். செயின், சீட், சுண்ணாம்பு, நார் எல்லாவற்றையும் நான் படித்துச் சொன்ன விதத்தையும் சொன்னேன்.

"சீட் போஸ்ட்டா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். "தெனம் பழைய ஒசரத்துக்கே ஏத்தி வெச்சேன். அந்தக் கீறலைக் கோட்டை விட்டுட்டேன் பாரு."

சிரிப்பு மெல்ல நின்றது. "அப்போ அவ... நான் வேற யாரையோ பார்க்கப் போறேன்னு நெனைக்கறாளா? இந்த வயசுலயா?"

அவர் முகத்தில் லேசான ஒரு சந்தோஷம் வந்துபோனதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

அடுத்து அவர் சொன்னதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

"நெனைச்சுக்கட்டும். அப்படியே நெனைச்சுக்கட்டும் சாந்தி. குருடன்னு நெனைக்கறதுக்கு இது தேவலை. நீ ஒண்ணும் சொல்லப்படாது. எனக்கு வாக்குக் கொடு."

கொடுத்தேன். முழங்கையில் ரத்தத்தோடு நிற்கிறவரிடம் வேறு என்ன செய்வது?

மாமியின் பை

அன்று மதியமே மாமி கடைக்கு வந்தார். சைக்கிள் இல்லை. கையில் ஒரு துணிப்பை, அதில் நாலைந்து புடவை. நங்கநல்லூர் போகிற வழியில் என்னைப் பார்க்க இறங்கியிருக்கிறார். முழங்கைக் காயம் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, மாடிப்படியில் இடித்துக்கொண்டேன் என்றாராம் சார். அந்தப் பொய்தான் மாமிக்குக் கடைசி.

"நீ போய்ப் பார்த்தியா?"

"பார்த்தேன் மாமி."

"இருக்காளா?"

டேவிட் அண்ணன் கல்லாவில் தலையைக் குனிந்துகொண்டார். சந்தேகத்தைச் சொன்ன அன்றைக்கு எவ்வளவு சுலபமாக வார்த்தை வந்தது! ஒரு இடுக்கி, ஒரு அளவுகோல், நாலு வாக்கியம். இப்போது உண்மை கையில் இருக்கிறது, வாக்கும் கொடுத்திருக்கிறேன்.

"அப்படி யாரும் இல்ல மாமி. சீட்டை எறக்கறதும் அவர்தான், ஏத்தறதும் அவர்தான்."

"அவர் எதுக்கு எறக்கணும்? உன்னையும் பொய் சொல்லச் சொல்லிட்டாரா?"

நியாயமான கேள்வி. மாமியின் இடத்தில் நானும் அதையே கேட்டிருப்பேன்.

"மாமி, நான் எதுவும் சொல்லமாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அதனால சொல்லல. நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. இப்ப வீட்டுக்குத் திரும்பிப் போங்க. சார் உக்காந்திருக்கும்போது, சத்தம் போடாம, அவருக்கு இடது கைப் பக்கமா போய் நில்லுங்க. அவ்ளோதான். அதுக்கப்புறமும் நங்கநல்லூர் போகணும்னா நானே கொண்டுபோய் விடுறேன்."

"இதென்னடி வெளையாட்டு?"

"நில்லுங்க மாமி. கொஞ்ச நேரம் நில்லுங்க."

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். என்னைச் சுத்தமாக நம்பவில்லை. ஆனால் வெளியே போய் எதிர்ப்பக்கம் கடந்து, மயிலாப்பூர் போகும் ஆட்டோவைத்தான் கைகாட்டினார்.

ஆறிப்போன காபி

மறுநாள் காலை கடை நம்பருக்குப் போன் வந்தது.

"நின்னேன்" என்றார் மாமி.

போனோடு கடையின் ஓரத்துக்கு நகர்ந்து நின்றேன்.

"பேப்பர் படிச்சுண்டிருந்தார். கைல காபியோட போய் நின்னேன். பார்க்கலை. டம்ளரை மூஞ்சிக்குக் கிட்டக்கக் கொண்டுபோனேன். பார்க்கலை. பேப்பரை நகத்தி நகத்தி வலது பக்கமாவே வெச்சுப் படிக்கறார். காபி ஆறிப்போற வரைக்கும் அங்கயே நின்னேன். அப்புறம் இந்தப் பக்கமா வந்தேன். 'எப்ப வந்தே?'ன்னார். இப்பத்தான்னேன்."

"மாமி..."

"வேற ஒருத்தி இருந்தா சண்டை போட்டிருப்பேன். இதுக்கு யாரோட சண்டை போடறது, சொல்லு?"

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். மாமியே தொடர்ந்தார்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. நீ கெட்டிக்காரிதான். ஆனா இனிமே உன் கடைக்கு நான் வரமாட்டேன்." போனை வைத்துவிட்டார்.

டேவிட் அண்ணன் ஒரு டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பிறகு நடந்ததை சார்தான் சொன்னார். மூன்று நாள் மாமி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாலாம் நாள் காலை ஐந்து மணிக்கு அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வரும்போது, மாமி செருப்பு போட்டுக்கொண்டு கதவருகே நின்றிருந்தார். "நானும் வரேன். எனக்கும் நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றாராம். அப்படி எந்த டாக்டரும் சொல்லவில்லை. மைதானத்தில் அவர் தயங்கித் தயங்கிச் சீட்டை இறக்கியபோது, மாமி கேட்டது ஒன்றுதான். "எறக்கறதுதான் எறக்கறேள், ஆத்துலயே எறக்கிண்டு வரப்படாதா?" அங்கேதான் அவர் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

அதற்கப்புறம் டாக்டரிடம் இருவரும் சேர்ந்தே போகிறார்கள். பார்வை திரும்பி வரவில்லை. இனி வராது என்றும் சொல்லிவிட்டார்கள். சாலையில் ஓட்டுவதில்லை என்று மாமிக்கு எழுதியே கொடுத்திருக்கிறாராம். மைதானத்துக்குள் மட்டும் அனுமதி.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அந்தப் பக்கம் போனேன். விளக்கை எரியவிட்டுக்கொண்டு, ஒளியாமல் போனேன். ஸ்ரீதரன் சார் சுற்றிக்கொண்டிருந்தார். பெடல் மிதித்தார். நிஜமாகவே மிதித்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாமி அவருக்கு இடது பக்கத்தில் வேகவேகமாக நடந்துவந்தார். "சுவர்... சுவர்... இப்ப திரும்புங்கோ..." சுவர்மேல் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த சரோஜாவும் சேர்ந்து, "திரும்பு பெர்சு!" என்று கத்தினாள்.

சாருக்கு இடது பக்கம் நின்ற என்னை மாமி பார்த்தார். சிரிக்கவில்லை. அவரை நிறுத்தி, காதில் ஏதோ சொன்னார். சார் முகம் மலர, கையை உயரத் தூக்கிக் கடல் இருந்த திசையைப் பார்த்து ஆட்டினார்.

மாமி அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்து, என் பக்கம் திருப்பிவிட்டார்.